நியூட்ரல்

என் வீட்டுக்காரருடைய வலது கை சும்மா இருக்காது. முன் சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்து போகும்போது, யார் ஓட்டுகிற வண்டியாக இருந்தாலும் அதன் கியர் அவருக்குச் சொந்தம். இறக்கம் வந்துவிட்டால் ஓட்டுகிறவரைக் கேட்காமல் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால், "டீசல் மிச்சம்" என்பார். எங்கள் வண்டி பெட்ரோல் வண்டி என்பதே அந்தக் கைக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் தொப்பூர் கணவாயில் ஒரு மனிதரின் காலை ஒடித்தது அந்தக் கைதான். ஆனால் காவல் நிலையத்தில் எழுதப்பட்ட பெயர் எங்கள் டிரைவர் வீரமணியுடையது. இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் வீட்டுக்காரர் மாதவராஜ் என்றால் காரிமங்கலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஒற்றை லாரியில் டிரைவராக ஆரம்பித்தவர், இன்றைக்கு ஒன்பது லாரிக்கு முதலாளி. லாரி உரிமையாளர் சங்கத்தில் துணைத் தலைவர். போன வருடம் போலீஸ்காரர்களோடு கணவாயின் மேட்டில் நின்று, இறங்கப்போகிற டிரைவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தார். "இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டாதீர்! உங்களை நம்பி ஒரு குடும்பம்!" என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே கைகூப்பி நிற்கிற அவருடைய படம். மிச்ச நோட்டீஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்று மாலை சேலத்துக்குப் போனோம். முதல் வளைவு வருவதற்குள் கையை நீட்டி நியூட்ரலில் தள்ளினார். அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்த வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது இப்போது.

அந்த வண்டியை அவர் வாங்கியதே வேறு கணக்கில். கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட்காரர் அதே வண்டி வைத்திருந்தார், அவ்வளவுதான். கட்டையான உடம்பு, பெரிய சக்கரம், கருநீலம். நிறுத்தி வைத்தாலே ஓடப்போவது போல நிற்கும். வாங்கி மூன்றாம் நாளே புலம்ப ஆரம்பித்தார். "இவ்ளோ காசு போட்டு வாங்கி இடுப்பு நோவுது. நம்ம லாரியே தேவலாம்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இது சோபா இல்ல. வளைவுல ஒடிச்சா மேல்பாகம் சாயக்கூடாதுன்னுதான் ஸ்பிரிங்கை கெட்டியா வெச்சிருக்கான். உசரமான வண்டிய கார் மாதிரி திருப்பணும்னா அதுக்கு வெலை இதுதான்" என்றேன். "படிச்ச திமிரு" என்றார். படித்தது உண்மை. மெக்கானிக்கலில் பி.இ., வகுப்பில் இருந்த மூன்று பெண்களில் நான் முதல். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பை மிக்சி ரிப்பேருக்குத்தான் பயன்படுத்தினேன். அந்த வண்டியோடு வந்த கையேட்டை நானூறு சொச்சம் பக்கமும் படித்தது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

முதல் பூசையன்றே அது உதவியது. வண்டியின் முன்னால் இருக்கிற கம்பெனிச் சின்னத்தின்மேல் சந்தனத்தை வழித்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். எதிரில் இருப்பதைப் பார்க்கிற ரேடார் அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. சந்தை மைதானம் தாண்டுவதற்குள் வண்டி, முன்னால் தெரியவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டது. இவர் ஷோரூமுக்குப் போன் போட்டுக் கன்னாபின்னாவென்று கத்தினார். நான் இறங்கி ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன், சரியாகிவிட்டது. அதற்காக ஒரு வார்த்தை பாராட்டு? "சாமி பொட்டைத் துடைக்கறா பாரு" என்று அவர் அக்காவிடம் சொன்னார்.

நியூட்ரல் விஷயத்தையும் அப்படித்தான் மூன்று தடவை எடுத்துச் சொன்னேன். பழைய லாரியில் வேண்டுமானால் நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கலாம். இந்த வண்டியில் கதை தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், பெட்ரோல் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. நியூட்ரலில் தள்ளினால்தான் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கக் குடிக்க ஆரம்பிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவு செய்கிறார், அதற்கு உயிரையும் பணயம் வைக்கிறார். இதைச் சொன்னபோது டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வண்டியை நான் ஓட்டுவேன் என்பது அவருக்குத் தெரியாது. சங்கக் கூட்டத்துக்கு அவர் ரயிலில் போகிற நாட்களில், துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீரமணியும் நானும் வத்தல்மலைக்குப் போவோம். அடிவாரத்தில் இடம் மாறிக்கொள்வோம். வீரமணிக்கு முப்பத்து நான்கு வயது, மொரப்பூர் பக்கத்துக்காரன், பன்னிரண்டு வருட அனுபவம். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் அவனுக்குச் சொல்வேன். இரண்டு கிளட்ச் இருக்கிறது, ஒன்று ஒற்றைப்படைக் கியருக்கு, இன்னொன்று இரட்டைப்படைக்கு, நீ மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும், அதனால்தான் மாறுவது தெரிவதில்லை என்பேன். வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள், முன்னாலேயே பிடித்துவிட்டு வெளியேறும்போது மிதியுங்கள் என்று அவன் எனக்குச் சொல்வான். அப்படி மிதிக்கிறபோது நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்து இழுக்கும் பாருங்கள், இருபது வருடத்தில் என் சொல்லுக்கு அப்படி உடனே கட்டுப்பட்ட எதையும் நான் பார்த்ததில்லை. ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும். "உங்க கைக்குத்தான்கா இந்த வண்டி செஞ்சாப்பல இருக்குது" என்பான் வீரமணி.

போன மாதம் பதினொன்றாம் தேதி, காலை பத்தரை மணி. சேலத்தில் அவர் அக்கா மகளுக்கு வளைகாப்பு. வீரமணி ஓட்டினான், அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் பழத்தட்டுகளோடு. சுங்கச்சாவடி தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வீரமணி மூன்றாவது கியருக்குக் குறைத்தான். எஞ்சின் உறுமியது. இவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன்டா இப்பிடி கத்த வுடற?" கை நீண்டது. லாரி கியர் மாதிரி கம்பியைப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு குமிழ்தான். ஒரு விரலால் தள்ளினார். திரையில் நியூட்ரலுக்கான 'என்' எழுத்து வந்தது.

"வேணாங்கண்ணா, லோடு வண்டிங்க நெறைய எறங்குது" என்று வீரமணி அதைத் திரும்ப ஓட்டுகிற நிலையான 'டி'க்கு இழுத்தான்.

"நான் இதுல லாரி எறக்கனப்ப நீ பால் குடிச்சினு இருந்திருப்ப" என்று சொல்லிவிட்டு இவர் இரண்டாவது தடவை தள்ளினார். இரண்டாவது தடவை என்பதை நான் மறக்க மாட்டேன். வீரமணி விட்டுவிட்டான். சம்பளம் கொடுக்கிறவர் கையைத் தட்டிவிட அவனால் முடியுமா?

இறக்கத்தில் இருக்கிற இரட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் விடாமல் ஹாரன் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தடத்திலேயே வந்துகொண்டிருந்தது, நிற்கிற வேகத்தில் இல்லை. வலதுபக்கத் தடத்தில் ஒரு நீள டிரெய்லர் எங்களுக்கு இணையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சாலை காலி. டிரெய்லரைத் தாண்டி அந்த இடத்துக்குள் புகுந்தால் தப்பிவிடலாம். அதற்கு மூன்று விநாடி இழுவை போதும், அந்த இழுவைக்காகவே செய்த வண்டி அது. வீரமணி சரியாகத்தான் செய்தான். காலை அழுத்தி மிதித்தான்.

எஞ்சின் அலறியது. வண்டி இழுக்கவில்லை. நியூட்ரலில் கிடக்கிற வண்டியில் எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி இருந்து என்ன, சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அவன் கை குமிழைத் தேடுவதற்குள் லாரி பின் கண்ணாடி முழுக்க நிறைந்துவிட்டது. இடதுபக்கம் ஒடித்தான். ஒடிக்காவிட்டால் இதைச் சொல்ல நான் இல்லை. லாரி எங்களை உரசிக்கொண்டு போயே போய்விட்டது. ஆனால் இடது ஓரத்தில் முகம்மது கவுஸ் தன் மொபெட்டில் வந்துகொண்டிருந்தார்.

தர்மபுரிக்காரர். ஊர் ஊராகப் போய் பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். சிவப்பும் பச்சையுமாகப் பக்கெட்டுகள் இறக்கத்தில் உருண்டு போயின. அவர் தடுப்புக் கம்பி ஓரமாக விழுந்து கிடந்தார், இடது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் வண்டி கம்பியில் மோதி நின்றது. சீட் பெல்ட் இழுத்ததில் என் வீட்டுக்காரருக்கு இடது தோள் எலும்பு விரிசல். வீரமணிதான் இறங்கி ஓடி கவுஸைத் தூக்கினான், ஆம்புலன்சுக்குப் போன் செய்தான்.

எஸ்.ஐ. வந்து கேட்டார், "எப்படி ஆச்சு?"

வீரமணி வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், "தூங்கிட்டான் சார். படிச்சி படிச்சி சொன்னன், நைட்டு முழிக்காதடான்னு."

வீரமணி சொல்லத்தான் சொன்னான். லாரியைச் சொன்னான், கியரைச் சொன்னான். "முதலாளி மேலயே பழி போடறியா?" என்று ஒரு போலீஸ்காரர் அதட்டினார். அப்போது வீரமணி என்னைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சரிந்த ஆப்பிளை எடுத்துத் திரும்ப அடுக்கினேன். பயமாக இருந்தது, புருஷனுக்கு அடிபட்டிருந்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த ஆப்பிளை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜாமீனில் வந்த வீரமணி ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "அக்கா, அரசு பஸ் டிரைவர் வேலைக்கு செலக்ட் ஆயிட்டங்க்கா. அடுத்த மாசம் அஞ்சாந்தேதி சர்டிபிகேட் பாக்கறாங்க. தூங்கிட்டு ஓட்டி ஆள அடிச்சான்னு கேஸ் இருந்தா கிட்டவே சேத்த மாட்டாங்க. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க்கா, வேற ஒண்ணும் வேணாம்." நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "எவன்டா அது வூட்டு வாசல்ல?" வீரமணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன வியாழக்கிழமை தொப்பூர் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வண்டியில் இருந்தவர் என்ற முறையில் நானும் மறுநாள் பதினொரு மணிக்கு வந்து வாக்குமூலம் தர வேண்டுமாம். இவர் எனக்குப் பாடம் நடத்தினார்.

"தூங்கிட்டிருந்தன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடு. எம்மேலயும் சொல்லாத, அவம்மேலயும் சொல்லாத. நீ நியூட்ரலா இருந்துடு."

இத்தனை வார்த்தை இருக்கிற தமிழிலும் இங்கிலீஷிலும் அவருக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை! கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அந்த பாய் கால் போச்சு. வீரமணி வேலை போவப்போவுது. அது உங்களுக்கு ஒண்ணுமே இல்லிங்களா?"

"பாய்க்கு இன்சூரன்ஸ்ல வரும். டிரைவர் வேலை ஆயிரம் கெடைக்கும். நோட்டீஸ்ல என் படம் போட்டிருக்குதுடி, ஊரே காறித் துப்பும். தெரியுதா?"

தெரிந்தது. ஒரு காலும் ஒரு வேலையும் அந்தப் படத்தைவிடக் குறைச்சல் என்று நன்றாகவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் லாரி டிரைவர்கள் எல்லாரும் லோடில் இருந்தார்கள். இவருக்குத் தோள்கட்டு. பழுது பார்த்துவந்த வண்டி வாசலில் நின்றது. சாவியை நான் எடுத்தேன்.

"நீயா? இத ஓட்றதுக்கு உனுக்கு எங்க தெரியும்?"

"ஏறுங்க. நேரமாவுது."

வேறு வழியில்லாமல் முன்னால் ஏறினார். தர்மபுரி தாண்டுகிற வரைக்கும் மேலே இருக்கிற பிடியை அவருடைய வலது கை விடவில்லை. அதற்குப் பிறகு மெல்ல விட்டார். கோபத்தில் ஓட்டக்கூடாது என்று வீரமணி சொல்வான், அதனால் கோபத்தைக் காலுக்கு அனுப்பாமல் பல்லிலேயே வைத்திருந்தேன். ஒரு பஸ்ஸைத் தாண்ட மிதித்தபோது வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது. "எவன் கத்துக்குடுத்தது?" என்று கேட்டார். "நீங்க ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறவன்" என்றேன்.

கணவாயின் மேட்டில் வேகத்தைக் குறைத்தேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடதுபக்கம் இருக்கிற கியர் மாற்றுகிற தகட்டை இரண்டு தடவை விரலால் இழுத்தேன். கியர் இறங்கியது, எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. நாற்பதைத் தாண்டவில்லை, பிரேக்கைத் தொடவே இல்லை. பெட்ரோல் எவ்வளவு போகிறது என்று காட்டுகிற இடத்தைச் சுட்டிக் காட்டினேன். "பாருங்க, சைபர். மூணு தடவ சொன்னனே." அவர் பார்த்தார். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரட்டைப் பாலத்துக்கு முன்னால், அதே வளைவில், பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சாதாரண ஹாரன்தான். ஆனால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, இறக்கம் நீண்டிருந்தது. அவருடைய வலது கை தொடையிலிருந்து எழுந்து கியரை நோக்கி வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவர் முகம் சன்னல் பக்கம் இருந்தது. ஒரு மனிதரின் காலை ஒடித்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்தக் கை எதையுமே கற்றுக்கொள்ளாமல் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இடது கையால் ஓங்கி ஒன்று வைத்தேன். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஏய்!"

"மடியில வைங்க அந்தக் கைய!"

"புருஷனையே அடிக்கிறியாடி?"

"ஆமா, அடிச்சன். அன்னிக்கே அடிச்சிருக்கணும், பின்னாலருந்து எட்டல. நியூட்ரலா இருன்னீங்களே, நியூட்ரல்னா என்னான்னு நெனச்சீங்க? நியூட்ரல்ல வண்டி நிக்காதுங்க, பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உருளும். அன்னிக்கு போலீஸ்காரர் முன்னால வாய மூடிட்டு நின்னனே, நான் சும்மா நிக்கல. உங்க பக்கம் உருண்டுட்டிருந்தன்."

அவர் கையைப் பார்த்தார். சிவந்திருந்தது. தன் கை எங்கே போய்வந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கையை மடக்கித் தோள்கட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

காவல் நிலையத்தில் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எஸ்.ஐ.யின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கைகூப்பிய படம், மூலை கிழிந்து தொங்கியது.

"நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரும்மா. அதையே எழுதிக்கலாமா?"

"இல்லிங்க சார். நல்லா முழிச்சிட்டுதான் இருந்தேன். பேப்பர் குடுங்க, நானே எழுதறேன்."

இரண்டு பக்கம் எழுதினேன். லாரி, டிரெய்லர், குமிழ், ஒரு விரல், இரண்டு தடவை. அன்றைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதினேன். எஸ்.ஐ. படித்துவிட்டுத் தலையைத் திருப்பி நோட்டீஸைப் பார்த்தார். பிறகு, "பக்கத்து சீட்லருந்து ஓடற வண்டிய அப்படி மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார். எஸ்.ஐ.யை வெளியே அழைத்துப்போய் இடதுபக்கம் உட்காரவைத்து, நிலையத்தைச் சுற்றி இருக்கிற காலி இடத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே, "தள்ளுங்க சார்" என்றேன். ஒரு விரலால் தள்ளினார். நான் மிதித்தேன். எஞ்சின் கத்தியது, வண்டி இழுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"அஞ்சாம் தேதிக்கு முன்னால முடிச்சிக் குடுங்க சார். ஒருத்தன் பொழப்பு" என்றேன். பார்க்கிறோம் என்றார். என் பேப்பரில் முத்திரை விழுகிற வரைக்கும் நான் நகரவில்லை.

வெளியே வந்தபோது இவர் வண்டியின் முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "என்ன எழுதிக் குடுத்த?"

"நடந்தத. ரெண்டு தடவன்னு எழுதினன்."

"வூட்டுக்குப் போலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வூட்டுக்கு அப்புறம் போலாம். மொதல்ல தர்மபுரி பெரியாஸ்பத்திரி. கவுஸ் பாயும் அவரு சம்சாரம் வஹிதாவும் அங்கதான் இருக்காங்க. பேப்பர்ல எழுதனத அவங்க மூஞ்சியப் பாத்து சொல்லணும். நானும் சொல்லுவன், நீங்களும் சொல்லணும்."

அவர் முன்கதவைத் திறக்கக் கையை வைத்தார்.

"அங்க வேணாம்" என்றேன். "பின்னால உக்காருங்க. அங்கருந்து கை எட்டாது."

கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். பெஞ்சில் இருந்த போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை 'டி'யில் போட்டேன்.